உதறுவோம் கோப்பை

மனித குலம் இதுவரை கண்டுபிடித்தவற்றுள் மிக உயர்ந்தது சகோதரத்துவம். இதை நான் சொல்லவில்லை, என் அத்தான் சொல்கிறார். நெருப்பு, சக்கரம், மின்சாரம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் சகோதரத்துவத்தில் ஒரு பெரிய குறை உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிக்க முடியாது, தூசி தட்டி அலமாரியில் அடுக்க முடியாது. இந்தக் குறையை நீக்கி, அதைக் கழுவித் துடைத்துக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டிய பெருமை, நான் அறிந்தவரை, என் அக்காவின் கணவர் ஒருவரையே சாரும்.

அத்தான் தண்ணீர் வரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வரி கட்டாதவர்களின் குழாயை மூடும்படி உத்தரவில் கையெழுத்துப் போடுவது அவருடைய பணி. வேறு காகிதங்கள் அவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கலாம். இந்தக் கையெழுத்து மட்டும் ஒருநாளும் தாமதமானதில்லை. அப்படிப்பட்டவர் ஓய்வுக்காலத்தில் மனித நேயத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பு ஒன்றுமில்லை. அதுவரை அதற்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

திருப்பம் ஒரு பழைய சாமான் கடையில் நிகழ்ந்தது. கிழிந்த குடைக்கும் இறக்கை போன மின்விசிறிக்கும் நடுவே ஒரு பீங்கான் சாம்பல் கிண்ணம் கிடந்தது. வெள்ளைப் பீங்கான். நடுவில் நீல நிறத்தில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. விளிம்பைச் சுற்றி ‘ஒருவர் துயர் அனைவர் துயர்’ என்று பொன்னெழுத்து. அத்தான் அதைக் கையில் எடுத்தார். கண் கலங்கியது. பிறகு கடைக்காரனிடம் ஒரு மணி நேரம் பேரம் பேசினார்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இப்படிச் சகோதர சங்கங்கள் இருந்தனவாம். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் ‘சகோதரர்’ என்றே அழைப்பார்கள். தங்களுக்குள் மட்டும் தெரிந்த விதத்தில் கை குலுக்குவார்கள். மாதம் தவறாமல் சந்தா கட்டுவார்கள். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர்கள் முறை வைத்துக் கட்டிலருகே உட்காருவார்கள். செத்துவிட்டால் தூக்கிப் போவார்கள், மிச்சமிருக்கும் குடும்பத்துக்குச் சோறு போடுவார்கள். ஆண்டு விருந்தில் ஆளுக்கொரு பீங்கான் நினைவுப் பொருள் தருவார்கள். கோப்பை, தட்டு, சாம்பல் கிண்ணம், சவர நுரை கலக்கும் கிண்ணம், இப்படி ஏதாவது ஒன்று. சங்கங்கள் கலைந்தன, ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். பீங்கான் மட்டும் மிஞ்சியது. தொந்தரவு தரும் பகுதி போய், துடைத்து வைக்கக்கூடிய பகுதி மிஞ்சியதைத்தான் அத்தான் ‘வரலாறு’ என்கிறார்.

வீட்டின் கீழ்த்தள முன்னறை ‘சகோதர அறை’ ஆயிற்று. அங்கிருந்த அக்காவின் தையல் மெஷின் மாடிப்படிக்கு அடியில் போயிற்று. அறைக்குள் செருப்பு கூடாது. கைப்பேசி கூடாது, அதிர்வில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும். மின்விசிறி கூடாது, காற்றில் பீங்கான் விளிம்பின் தங்கக் கோடு, அதாவது ‘தங்க வரி’, மங்கும். கைகுலுக்கும் கோப்பைகள், திறந்த கண் வரைந்த தட்டுகள், தேன்கூடு போட்ட சர்க்கரைக் கிண்ணங்கள் என நாலு சுவரும் நிரம்பின. இவ்வளவு பீங்கான் உள்ள அந்த வீட்டில் டீ வருவது எவர்சில்வர் டம்ளரில்தான்.

ஒரு கொள்கை பிறந்துவிட்டால் அதற்கு ஓர் அமைப்பு வேண்டாமா? ‘பழம்பீங்கான் சகோதரச் சின்னச் சேகரிப்பாளர் பேரவை’ தோன்றியது. தலைவர் பல் டாக்டர். துணைத் தலைவர் வக்கீல். பொருளாளர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அத்தான் நிறுவனர். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் செயலாளர் பதவியை என் தலையில் கட்டினார்கள். கூட்டத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் ‘சகோதரர்’ என்றே விளிக்க வேண்டும். சகோதரர் பல் டாக்டர் எந்தக் கடையில் வாங்குகிறார் என்பது சகோதரர் வக்கீலுக்குத் தெரியாது. சகோதரர் வக்கீல் வெளியூர் போவது எதற்கு என்று சகோதரர் கண்ணாடிக்கடையிடம் சொல்லமாட்டார். கேட்டால் கல்யாணம் என்பார். பேரவையின் முதல் வருடத்தில் மட்டும் வக்கீலுக்கு எத்தனை சொந்தத்தில் கல்யாணம் நடந்தது என்று நான் வியந்திருக்கிறேன்.

இதற்கிடையே ஒரு சின்னச் சிக்கல். அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தார்.

பேரவை அர்த்தத்தில் அல்ல, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர். அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. சொத்துத் தகராறு என்று நீங்கள் நினைத்தால் அது கொச்சையான எண்ணம். விஷயம் அதைவிட ஆழமானது. முதல் சாம்பல் கிண்ணம் வீட்டுக்கு வந்த வாரம், தம்பி சிகரெட்டும் கையுமாக வந்திருந்தார். பேசிக்கொண்டே அதில் சாம்பலைத் தட்டிவிட்டார்.

“என்ன பண்ணிட்டே?” என்று அத்தான் எழுந்தே நின்றுவிட்டாராம்.

“சாம்பல் கிண்ணம்தானேண்ணா?”

“வெளியே போ.”

‘ஒருவர் துயர் அனைவர் துயர்’ என்று எழுதிய கிண்ணத்தை அன்று அத்தான் தானே கழுவினார். தம்பி அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்தத் தம்பி ஒருநாள் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி மாடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அன்று சாயங்காலம் நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே அத்தான் எதிரே வந்து நின்றாள்.

“கீழ் ரூம்ல ஒரு கட்டில் போட்டா போதுங்க. பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் தம்பி இங்கே இருக்கட்டும்.”

“அது ரூம் இல்ல. அருங்காட்சியகம்.”

“அவரு உங்க தம்பிங்க.”

அத்தான் ஒரு தட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமல், குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: “தம்பிங்கிறது வேற, சகோதரத்துவம்ங்கிறது வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே.”

ஆனாலும் அத்தான் ஜனநாயகவாதி. விஷயத்தைப் பேரவையின் முன் வைத்தார். அவசரக் கூட்டம் கூடியது.

“படுக்கிறவர் இருமுவாரா?” என்று வக்கீல் கேட்டார்.

“இருமினா என்ன?” என்றேன்.

“அதிர்வு.”

“மருந்து நெடி வேற இருக்கு. தங்க வரிக்கு ஆகாது” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

பல் டாக்டர் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். “சகோதரர்களே, நாம மனிதாபிமானத்தோட நடந்துக்கணும். ஒண்ணும் செய்யாம விட்டுட்டோம்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.” அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘நிறுவனரின் உடன்பிறந்தாரது இடுப்பெலும்புக்கு நேர்ந்த முறிவு குறித்து இப்பேரவை தனது ஆழ்ந்த அனுதாபத்தை ஒருமனதாகப் பதிவு செய்கிறது.’ எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பிறகு டீ குடித்தார்கள்.

தீர்மானத்தின் நகலை நானே கொண்டுபோய்த் தம்பியிடம் கொடுத்தேன். படுத்தபடி தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“எலும்புக்கு மட்டும்தானா? எனக்கு ஒண்ணும் இல்லையா?” என்றார்.

அன்றிலிருந்து அக்கா தினமும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுவாள். அவளுக்கு முழங்கால் வலி பழையதுதான். ஆனால் சின்னம் எதுவும் பொறிக்கப்படாததால் அது சேகரிப்பில் சேராது.

பேரவையின் அடுத்த மாதக் கூட்டத்தில்தான் அந்தப் பெயர் முதன்முறையாக உச்சரிக்கப்பட்டது. பல் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சகோதரர்களே, ‘உதறுவோம் கோப்பை’ பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?”

கண்ணாடிக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். கேள்விப்படாதவன் நான் ஒருவன்தான். எனக்காக டாக்டர் விளக்கினார். அச்சுத் தொழிலாளர் சகோதர சங்கம் என்று ஒன்று இருந்ததாம். அதன் வெள்ளி விழாவுக்குக் கோப்பைகள் செய்யக் கொடுத்தார்கள். ‘சகோதரர்களே, உதவுவோம்’ என்று பொறிக்க வேண்டும். பீங்கான் ஆலைக்காரன் ஓர் எழுத்தை மாற்றிவிட்டான். ‘சகோதரர்களே, உதறுவோம்’ என்று வந்து இறங்கியது. அச்சுத் தொழிலாளர்களின் கோப்பையிலேயே அச்சுப் பிழை. மானம் போய்விடும் என்று சங்கமே கூடி அத்தனையையும் உடைத்துவிட்டது.

“ஒண்ணு தப்பிச்சிருக்கும்னு ஒரு பேச்சு இருக்கு” என்றார் டாக்டர். “கிடைச்சா அதுக்கு விலையே கிடையாது. சரியா எழுதின கோப்பை ஆயிரம் இருந்தாலும் இதுக்கு உறை போடக் காணாது.”

“தப்பா இருக்கிறதுதான் அதோட சிறப்பு” என்றார் அத்தான், குரல் தழுதழுக்க.

அக்கா டம்ளர்களை எடுக்க வந்திருந்தாள். “அதுவா? அது நம்ம தம்பி வீட்டு பாத்ரூம்ல இருக்கு. பிரஷ் போட்டு வச்சிருக்காரு” என்றாள்.

அறையில் பீங்கானும் மனிதரும் ஒரே மாதிரி நின்றார்கள். முதலில் உயிர் வந்தது வக்கீலுக்கு.

“உங்க தம்பி எப்படி இருக்கார்?” என்று அத்தானை மிகுந்த வாஞ்சையோடு கேட்டார். “பாவம், தனியா இருக்கார்னு சொன்னீங்களே. எந்தத் தெரு?”

“நானும் போய்ப் பாக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார் கண்ணாடிக்கடைக்காரர், செருப்பை நோக்கி நகர்ந்தபடி.

“கூட்டம் முடிஞ்சது” என்றார் அத்தான்.

வக்கீலிடம் கார் இருந்ததால், அவர் முந்திவிடாதபடி அத்தான் ஆட்டோவை விரட்டி ஓட்டச் சொன்னார். நானும் அக்காவும் கூட இருந்தோம். அக்கா என் காதருகே சொன்னாள்: “எதுக்குப் போனா என்னடா. போய் முகத்தைப் பார்த்தா மனசு மாறிடும்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகு ஓர் அண்ணன் தம்பியைத் தேடி மூச்சு வாங்க மாடி ஏறுகிறார். இரண்டாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். இருந்தும் நிற்கவில்லை. காரணம் தெரியாமல் பார்த்தவன் அழுதுவிடுவான்.

காரணம் தெரியாத தம்பி அழுதார். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தவர் அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.

“வாங்கண்ணா” என்றார். அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்கண்ணா. மாடி ஏறி வந்திருக்கீங்க” என்றார் தம்பி.

“பாத்ரூம் எங்கே?” என்றார் அத்தான்.

மாடி ஏறிய அவசரம் என்று நினைத்துத் தம்பி கையைக் காட்டினார். அத்தான் உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்ச் சத்தமும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஒரு கையில் கைக்குட்டையில் பொதிந்த கோப்பை, மறு கையில் தம்பியின் பல்பிரஷ். பிரஷை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

“இது உனக்கு எப்படிக் கிடைச்சது?”

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நாங்கதானேண்ணா உடைச்சது. எல்லாரும் கோபமா உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஒண்ணைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து அவகிட்ட காட்டினேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அப்புறம் அவ ஆஸ்பத்திரில கிடந்தப்ப, அந்த உதறுவோம் ஆளுங்கதான்ணா முறை போட்டு வந்து உக்காந்தாங்க. ஒருநாள்கூட அவ தனியா இல்ல. கோப்பையில எழுத்து தப்பு, ஆளுங்க தப்பில்ல.”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தானும் நெகிழ்ந்துபோய்க் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கைப்பிடியில சின்னதா ஒரு கீறல் இருக்கே” என்றார்.

தம்பிக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். முகத்தில் எதுவும் மாறவில்லை. கை மட்டும் போர்வையைச் சரி செய்தது.

“பிடிச்சிருந்தா எடுத்துக்கோங்கண்ணா.”

“உனக்கு வேணாமா?”

“எனக்குப் பிரஷ் வைக்க ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும்.”

“நாளைக்கே அனுப்பறேன்” என்றார் அத்தான்.

அக்கா விடவில்லை. “என்னங்க, அந்தக் கீழ் ரூம்...”

“இப்ப எப்படி முடியும்? இதுக்குன்னு தனி அலமாரி போடணும்.”

உண்மையை மறைக்காமல் எழுதுபவன் என்ற முறையில் இதையும் பதிவு செய்கிறேன். கிளம்பும்போது அத்தான் தம்பியின் தோளைத் தொட்டார். இரண்டு கையும் கோப்பையைப் பிடித்திருந்ததால் முழங்கையால் தொட்டார். மறுநாள் பிரஷ் வைக்க எதுவும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அக்கா ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிக்கொண்டு போனாள்.

சகோதர அறையின் நடுவே தேக்கில் ஓர் அலமாரி எழுந்தது. உள்ளே நீல வெல்வெட், மேலே ஒரு சிறிய விளக்கு. பேரவை ‘சகோதரத்துவம்: ஒரு பீங்கான் பார்வை’ என்று கண்காட்சி அறிவித்தது. திறந்துவைக்கப் பண்பாட்டுத் துறையிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். அறையில் இருந்த ஒரே நாற்காலி அவருக்கு.

அத்தான் உரையாற்றினார். அந்தக் கோப்பையைத் தேடி எத்தனை ஊர், எத்தனை கடை, எத்தனை ஏமாற்றம் என்று உருகினார். கடைசியில் ஒரு பாழடைந்த இடத்தில், அதன் அருமை தெரியாத கைகளிலிருந்து அதை மீட்டதாகச் சொன்னபோது அதிகாரி அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சகோதரர் வக்கீல் பொறாமையில் பல்லைக் கடித்தார். சகோதரர் பல் டாக்டர் அந்தச் சத்தத்தைத் தொழில் முறையில் கவனித்தார்.

கைதட்டல் ஓய்ந்தபோது வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தார்.

யாரும் அழைக்கவில்லை. அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். விழுந்த பிறகு முதன்முறையாக மாடியிறங்கி வந்திருக்கிறார். தேய்த்த சட்டை, முகத்தில் புதுச் சவரம், கையில் ஊன்றுகோல். செருப்போடு உள்ளே வரக் கூடாது என்று அக்கா எப்போதோ சொன்னதை நினைவு வைத்திருந்தார். குனிய முடியாமல் காலாலேயே கழற்றப் பார்த்தார். அக்கா ஓடிப்போய்க் குனிந்து கழற்றிவிட்டாள்.

தம்பி மெதுவாக அலமாரியிடம் வந்தார். வெல்வெட்டின் மேல் விளக்கொளியில் இருந்த கோப்பையைப் பார்த்தார். படித்தார். வாய்க்குள்ளேயே சிரித்தார். மனைவியோடு சேர்ந்து சிரித்த சிரிப்பின் மிச்சமாக இருக்கலாம். விரல் தானாகக் கண்ணாடியைத் தொட்டது.

“தொடாதே” என்றார் அத்தான்.

அதிகாரி அம்மா திரும்பினார். அண்ணனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அச்சில் வார்த்தது போல ஒரே மூக்கு இருவருக்கும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடையா இருக்கே. இவர் உங்க சொந்தக்காரரா?”

அத்தான் யோசித்தார். அந்த ஒரு கணத்தில் அவர் கண் எங்கெங்கே போயிற்று என்று நான் பார்த்தேன். வக்கீலிடம் போயிற்று, டாக்டரிடம் போயிற்று, சற்று முன் உருகி உருகிச் சொன்ன ஊர்களுக்கும் கடைகளுக்கும் போயிற்று. தம்பியிடம் மட்டும் போகவில்லை.

“சொந்தக்காரர்தான், கோப்பைக்கு” என்றார். “அதுவும் முன்னாடி.”

அதிகாரி அம்மா அதை நல்ல நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பேரவை முழுவதும் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். தம்பி அதிகாரி அம்மாவுக்கு மரியாதையாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். அக்கா டீத் தட்டை அப்படியே அத்தானின் கையில் கொடுத்தாள். “இருங்க தம்பி, நானும் வரேன்” என்று பின்னாலேயே போனாள். எப்போது திரும்புவாள் என்று அவள் சொல்லவில்லை. அத்தான் கேட்கவும் இல்லை, தட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

‘சொந்தக்காரர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. அத்தானுக்கு ஒரு பொருள் போதும், அது கண்ணாடிக்குள் வெல்வெட்டின் மேல் பத்திரமாக இருந்தது. இன்னொரு பொருள் வாசலில் ஊன்றுகோலோடு நின்று, காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.